வந்த காரணம்

விடுப்புப் படிவத்தில்
'குளிர்கால விடுமுறை' என்றுதான் எழுதினேன்.
லீட்ஸில் கையெழுத்திட்ட குளிர்
பகாவ் பேருந்து நிலையத்தில் இறங்கும்முன்பே
உருகி முதுகில் ஒட்டிக்கொண்டது.

கூடவே ஓர் அட்டைப்பெட்டி.
சக்கரம் கழன்று, கைப்பிடி திரும்பி
உள்ளே மடங்கிக் கிடந்தது என் மலைச் சைக்கிள்.
"மலை எங்கடி இருக்கு இங்க?" என்றாள் அக்கா தவமலர்
பெட்டியைப் பார்த்து, என்னைப் பார்க்காமல்.

கைப்பேசி வரைபடத்தில் ஊரைச் சுற்றி ஒரே பச்சை.
விரலால் விரித்தேன், பச்சை.
இன்னும் விரித்தேன்,
இல்லாத பாதை இன்னும் பெரிதாக இல்லாமல் போனது.

சைக்கிள் கடை ஹோ பூன் கியாட்
டயரின் பற்களை விரலால் தடவிப் பார்த்தார்.
தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்த தமிழில்
"பாதை ஏது தங்கச்சி, எல்லாம் தோட்டம்தான் லா.
காத்த மட்டும் குறைச்சுக்கோ. மழ மண்ணு வழுக்கும்."
குறைத்த காற்றுக்குக் காசு வாங்கவில்லை.

நாலாம் டிவிஷன் வாசலில்
காவலர் குணாளன் நோட்டை நீட்டினார்.
பெயர். வண்டி எண். வந்த காரணம்.
எனக்கு மேலே: உரம். உரம். லோரி. எலி மருந்து. உரம்.
நான் 'சும்மா' என்று எழுதினேன்.
வாசித்தவர் பேனாவை என் கையிலேயே திரும்ப வைத்தார்.
"சும்மாவுக்கெல்லாம் கேட்டத் திறக்க முடியாதுங்க."
அடித்துவிட்டு 'உறவினர்' என்றேன்.
யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

மூன்று கிலோமீட்டர் லோரிச் சாலை.
அகலம், தட்டை, அலுப்பு.
வகிடெடுத்து வாரிய மாதிரி செம்பனைகள்.
எந்த வரிசையில் நுழைந்தாலும்
வெட்டிப்போட்ட மட்டைகள் மறித்தன.
ஒரு முள் முன்சக்கரத்தில் ஏறியது.
மழையும் அப்போதுதான்.

ஒட்டுப் போட உட்கார்ந்திருந்தேன்.
மரங்களுக்கு நடுவே ஒருவன் ஓடிவந்தான்.
இல்லை, ஓட்டிவந்தான்:
ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, ஏழெட்டுக் குலைகள்,
பள்ளத்தைப் பார்க்காமலே ஒதுங்கி
வேர் வருமுன் கைப்பிடியைத் தூக்கி
வாய்க்கால் பலகையில் ஒரு சின்னத் தாவல்.
பசை என் விரலிலேயே காய்ந்துவிட்டது.

அவன் போன பிறகுதான் கோடு தெரிந்தது.
என் டயரைவிட ஒரு விரல் அகலம் கூட.
மட்டைக் குவியலைச் சுற்றி, கறையான் புற்றை வளைத்து
சரிவில் சாய்ந்து இறங்கும் வழவழப்பான மண்.
அங்கே நாங்கள் சனிக்கிழமைதோறும்
மண்வெட்டியோடு கூடிச் செதுக்கும் அதே வளைவு.
இங்கே யாரும் செதுக்கவில்லை,
டன் கணக்கில் அழுந்தியிருந்தது.

லொம்போக்கிலிருந்து வந்தவன், பெயர் சுஹைலி.
எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்:
இது எங்கே போகும்?
"எடை போடுற இடத்துக்கு."
கஷ்டமா?
"ஏத்திக்கிட்டா, வெறும் வண்டியா?"
யோசித்துப் பார்த்தேன்.
வெறும் வண்டிதான், எப்போதும்.
"அப்படின்னா பதினொன்றுக்கு மேல வாங்க.
அதுவரைக்கும் எங்களுக்கு வேணும்."

பதினொன்று ஐந்துக்கு இறங்கினேன்.
வேரை மதிக்கவில்லை, வேர் என்னை.
பலகை வரை எட்டிய கர்வம்
வாய்க்காலில் இடுப்பளவு நின்றது.
காலுறைக்குள் மூன்று அட்டைகள்.
கரையில் நின்று வயிற்றைப் பிடித்துச் சிரித்தவன்
முதலில் சைக்கிளைத்தான் தூக்கினான்,
எடை பார்த்துவிட்டு இன்னொரு முறை தூக்கினான்.

வீட்டில், பச்சை நடுவே
நான் போன வழி நீலக் குடலாய்ச் சுருண்டிருந்தது.
பாதைக்குப் பெயர் கேட்டது கைப்பேசி.
கட்டம் துடித்துக்கொண்டே இருந்தது.
சோப்புத் தூள் டப்பாவோடு வந்த அக்கா
"மலை கிடைச்சதா?" என்றாள்.
சட்டையை மட்டும் கழற்றிக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் வாசலில்
நோட்டை எனக்கு நீட்டவேயில்லை குணாளன்.
எட்டிப் பார்த்தேன்.
என் பெயர், வண்டி எண்ணுக்கு ஒரு கோடு,
காரணக் கட்டத்தில் அவர் கையெழுத்தில்: சும்மா.
அதற்குக் கீழே, உரம்.